போதும் என்று காட்டாத கை

யெர்கோவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். அவனைப் பற்றி மட்டும் என்றால் எப்போதோ சொல்லி முடித்திருப்பேன்.

என் பெயர் நேவென்கா. க்ரெஸ் தீவின் மேற்குக் கரையில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிற கேரவன் கேம்பில் பத்தொன்பது வருஷமாகத் துணி துவைக்கிறேன். யெர்கோ அதே கேம்பில் இருபத்து மூன்று வருஷம் ஒரே வேலையைப் பார்த்தான். வருகிற கேரவன்களை அவற்றுக்கு ஒதுக்கிய இடத்தில் பத்திரமாக நிறுத்திக் கொடுப்பது. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் கேட்டுப் பக்கம் வந்து நின்று பார்க்கட்டும். அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வைத்த ஏழரை மீட்டர் வீட்டை எழுநூறு கிலோமீட்டர் ஓட்டி வந்த மனிதர், அதை ஒலிவ மரத்துக்கும் கல் சுவருக்கும் நடுவே ரிவர்ஸில் நுழைக்க வேண்டும். பின்னால் அவர் மனைவி நின்றுகொண்டு இரண்டு கையாலும் காற்றைப் பிசைவார். வரச் சொல்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. முப்பது வருஷம் ஒற்றுமையாகக் குடும்பம் நடத்தியவர்கள் அந்த ஐந்து நிமிஷத்தில் ஒருவரை ஒருவர் என்னென்ன சொல்லிக்கொள்வார்கள் என்று நான் காதால் கேட்டிருக்கிறேன். எழுத்தில் வைக்க முடியாது.

யெர்கோ வந்துவிட்டால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. அவன் முன்பு தீவுக்குக் கார்களை ஏற்றி வரும் படகில் வேலை பார்த்தவன். ஒரு கை இடைவெளியில் காருக்குப் பக்கத்தில் காரை நிறுத்திப் பழகியவன். முழங்கால் கெட்டுப்போனதும் கரைக்கு வந்து எங்களோடு சேர்ந்தான்.

வண்டி வந்ததும் உடனே கை காட்ட ஆரம்பிக்க மாட்டான். முதலில் ஓட்டுகிறவரை இறங்கச் சொல்வான். "வாங்க, மொதல்ல காலால நடந்து பாத்துடலாம். வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது." இருவரும் இடத்தைச் சுற்றி வருவார்கள். தாழ்ந்த கிளை ஏதாவது இருந்தால் ஒரு நீளக் கம்பை உயர்த்திக் காட்டி, வண்டிக் கூரை இடிக்குமா என்று அளப்பான். பக்கத்து வண்டிக்கும் இதற்கும் மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். ஒன்றில் தீப்பிடித்தால் மற்றதற்குத் தாவக்கூடாது. வண்டியின் மூக்கு வடகிழக்கைப் பார்க்க வேண்டும், புரா என்கிற சூறைக்காற்று அங்கிருந்துதான் இறங்கும். வருகிறவர்கள் எல்லோருக்கும் கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்று ஆசை. "தாராளமா திருப்பி நிறுத்துங்க. நாளைக்கு புரா அடிச்சா உங்க கதவையே கடல்ல போய்ப் பாக்கலாம்" என்பான். சிரித்துக்கொண்டே அவன் சொன்ன பக்கம் திருப்பிவிடுவார்கள்.

அடுத்து அந்த அம்மாவை அனுப்பிவைப்பான். "நீங்க போயி காபி குடிங்கம்மா. ரெண்டு பேரு கை காட்டினா வண்டி மூணாவது பக்கம் போயிடும்." பின் சக்கரம் நிற்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் ஒரு தடிக் கட்டையைக் குறுக்கே போடுவான். எல்லாம் முடிந்த பிறகுதான் இடது பக்கம் போய் நிற்பான். "கண்ணாடியில என் மூஞ்சி தெரியுதா? தெரியாமப் போனா உடனே நிறுத்திடணும். பாக்குற மாதிரி மூஞ்சி இல்லதான், பரவால்ல, பாத்துக்கிட்டே வாங்க." வலது கையை இடுப்பளவில் வைத்து விரல்களை மடக்கி மடக்கி வரச் சொல்வான். போதும் என்றால் முஷ்டியை உயர்த்துவான். வண்டி நின்றதும் ஆப்புக் கட்டைகளைச் சக்கரத்தடியில் செருகிச் சரிவைச் சமன் செய்வான். கடைசியில் ஒரு சின்னக் கப்பில் விளிம்பு வரைக்கும் காபி ஊற்றி உள்ளே மேஜையில் வைக்கச் சொல்வான். ஒரு பக்கமாகச் சாயாமல் நின்றால் வேலை சுத்தம். அந்தக் காபியை அவனே குடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

கேம்பை நடத்துகிற ஓரியானாவுக்கு வயது முப்பத்தைந்து. அவள் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள். "எங்க பார்பா யெர்கோ இருக்காரே, இருபத்து மூணு வருஷத்துல ஒரு கீறல் கெடையாது." எங்கள் பக்கம் வயதில் மூத்த ஆண்களை மாமா முறை வைத்து பார்பா என்றுதான் கூப்பிடுவார்கள். யெர்கோ, "அட சும்மா இரும்மா" என்பான். ஆனால் காது மடல் சிவந்துவிடும். அந்தப் பெருமை ஒன்றுதான் அவனிடம் இருந்தது. அதை நான் அவனிடமிருந்து பிடுங்கினேன் என்று சொல்ல மாட்டேன், பாதிப் பங்கு அவனுடையது. மீதிப் பாதி என்னுடையது.

எங்கள் தீவுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது கூப்பிட்டால் என்ன வேலையில் இருந்தாலும் திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும். தூக்காமல் போனால் பொழுது சாய்வதற்குள், "அவனுக்கு இப்பல்லாம் ரொம்பத் திமிரு" என்று ஊர் பேசிவிடும். கூரை மேல் நின்று ஓடு மாற்றுகிறவன்கூடக் கை தூக்குவான். இதை ஒரு தப்பாக யாரும் நினைத்ததில்லை.

போன வருஷம் ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. சிரிலும் மார்யேத்தாவும் வந்து சேர்ந்தார்கள். ஸ்லோவேனியாக்காரர்கள், பதினோரு வருஷமாக எங்களிடம் வருகிறவர்கள். சிரிலுக்கு எழுபத்தேழு வயது. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மார்யேத்தாவுக்கு இடுப்பு மூட்டு சரியில்லை. விமானம், ஓட்டல் எதுவும் அந்த அம்மாவுக்கு ஆகாது. வருஷத்தில் நான்கு மாதம் அந்த கேரவன்தான் அவர்களுக்கு வீடு. "எங்க பையன் கோராஸ்த் ரெண்டு வருஷமா அப்பாகிட்ட சாவியக் கேக்குறான்" என்று முந்தைய கோடையில் மார்யேத்தா துணி துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து என்னிடம் சொல்லியிருக்கிறார். "வயசாயிடுச்சு, போதும்ங்கிறான். இவரு, ஒரு தடவை தப்பா ஓட்டினேன்னு காட்டு, அன்னைக்கே தர்றேங்கிறாரு. நல்ல வேளை, இதுவரைக்கும் காட்ட முடியல."

அவர்களுக்கு எப்போதும் நாற்பத்தோராம் நம்பர் இடம். சரிவில் படிபடியாக வெட்டிய தட்டுகளில் மேல் தட்டில் இருக்கிறது. பின்னால் கல் அடுக்கிய தாழ்வான வரப்பு. அதற்குக் கீழே இடுப்பளவு பள்ளத்தில் அடுத்த தட்டு. யெர்கோ அன்றைக்கு அவரை இறக்கி நடத்தவில்லை. கட்டையும் போடவில்லை. சிரிலுக்கு எதற்குக் கட்டை, பதினோரு வருஷமாக வருகிறவர்தானே! மார்யேத்தாவை மட்டும் வழக்கம்போலக் குழாய்ப் பக்கம் அனுப்பிவிட்டான். போய் இடது பக்கம் நின்றுகொண்டு, "வரலாம், வரலாம்" என்றான்.

வண்டி நகரும்போது மேல் பாதையில் யாரும் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது. அது ஓரியானா போட்ட சட்டம். என்னை இரண்டு தடவை எச்சரித்திருக்கிறாள். சுற்றுப் பாதையில் போனால் கூடப் பத்து நிமிஷம் ஆகும், எனக்குச் சோம்பல். வெள்ளைப் போர்வைகள் குவிந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு யெர்கோவுக்குப் பின்னால் போனேன். சும்மா போயிருக்கலாம். கையைத் தூக்கி ஆட்டி, கூப்பிட்டேன்.

"யெர்கோ! இன்னைக்கு மதியம் கணவாய் வறுக்கிறாங்க. உனக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கட்டுமா?"

அவன் திரும்பினான். இடது கையை உயர்த்தினான். "எடுத்து வையி! பெருசா பாத்து வையி!"

அவன் முகம் என் பக்கம் இருந்தது. வலது கை இடுப்பளவில் விரல்களை மடக்கி மடக்கி, வா வா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அவனுக்கே தெரியாமல்.

கற்கள் சரிகிற சத்தம் கேட்டது. "நில்லுங்க!" என்று அவன் கத்தியபோது பின் சக்கரம் வரப்பைத் தாண்டிவிட்டிருந்தது. வண்டியின் பின்பகுதி கீழ்த் தட்டில் விரித்து வைத்திருந்த சாப்பாட்டு மேஜை மேல் போய் உட்கார்ந்தது. ரொட்டி, தக்காளி, குழந்தைகளின் இரண்டு நாற்காலிகள் எல்லாம் அடியில். அந்தக் குடும்பம் அப்போதுதான் குளிக்கக் கடலுக்கு இறங்கியிருந்தது.

யெர்கோ என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "நீ போயிடு. யாரு கேட்டாலும் லாண்ட்ரியில இருந்தேன்னு சொல்லு" என்றான். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான் என்று அப்போது நினைத்தேன். தன்னையும் சேர்த்துத்தான் என்று பிறகு புரிந்தது. நான் போனேன். ஓடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஓடத்தான் செய்தேன்.

அரை மணி நேரத்தில் ஓரியானா எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். "பார்பா, நீங்க போதும்னு கை காட்டினீங்கதானே?"

"காட்டினேன்" என்றான் யெர்கோ.

"நேவென்கா, நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

"நான் லாண்ட்ரியில இருந்தேன்" என்றேன்.

வேறு யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கிரேன் வந்து வண்டியைத் தூக்கியது. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம், இந்த வயசில் இவருக்கு இது தேவையா என்று பேசினார்கள். அவருக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்கள். சிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரே யெர்கோவைத் தேடி வந்தார். நான் அங்கே கயிற்றில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையில், வீட்டுத் தோட்டத்துப் பேரிக்காயில் வடித்த சாராயம் ஒரு பாட்டில். ஒவ்வொரு வருஷமும் வண்டி நின்றதும் கொடுப்பார். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்கக் கொண்டுவந்திருந்தார்.

"உனக்கு இருபத்து மூணு வருஷத்துல கெட்ட பேரு இல்ல. என்னால வந்துடுச்சு யெர்கோ. நீ கைய ஒசத்தினத நான் பாக்கல. முப்பத்தாறு வருஷம் சிவப்பப் பாத்தா நின்னவன் நான். எப்படிப் பாக்காமப் போனேன்னு தெரியல."

யெர்கோ வாங்க மாட்டான் என்று நினைத்தேன். வாங்கினான். "பரவால்ல சிரில். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றான். எனக்கு அந்தக் கயிற்றிலேயே தூக்குப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் போனதும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"வெக்கமா இல்ல உனக்கு? அதக் கையில வாங்குறியே!"

"நீ ஏன் கூப்பிட்ட?"

"நீ ஏன் திரும்பின?"

"கூப்பிட்டா திரும்ப மாட்டாங்களா?" என்றான். பாட்டிலை மண்ணில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அதை நானும் எடுக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மகன் கோராஸ்த் வந்து சேர்ந்தான். நல்ல பையன்தான், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அலுவலகத்துக்கு முன்னால் எல்லோரும் நின்றோம். ஓரியானா, யெர்கோ, மார்யேத்தா, துணிக் கூடையோடு நான். வண்டியின் பின்பக்கம் நசுங்கியிருந்தாலும் ஓடியது. கோராஸ்த் கையை நீட்டினான்.

"அப்பா, சாவியக் குடுங்க. நீங்கதானே சொன்னீங்க, ஒரு தடவை தப்பாச்சுன்னா தந்துடுவேன்னு."

சிரில் பாக்கெட்டில் கையை விட்டார். அப்போதுதான் யெர்கோ பேசினான்.

"அவரு தப்பு இல்ல. நான் போதும்னு காட்டவே இல்ல. வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன். என் கை அவரை வா வான்னே சொல்லிக்கிட்டிருந்துது."

ஓரியானாதான் முதலில் குறுக்கிட்டாள். "பார்பா, நேத்துலேருந்து நீங்க சரியா தூங்கல. வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க." கோராஸ்த் அவன் தோளில் கை வைத்தான். "ரொம்ப நன்றிங்க. அப்பா மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க, புரியுது. ஆனா இப்படிச் சொல்லி அவர மறுபடி ஓட்ட விட்டா அது அவருக்கு நல்லதில்ல." யெர்கோ இதுவரை ஒரு கீறல்கூட விழ விட்டதில்லை என்று கேம்ப் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்களே, அதுவே இப்போது அவன் வாயை அடைத்தது.

ஆனால் சிரிலின் முகம் மாறியிருந்தது. சாவியைப் பிடித்த கை பாக்கெட்டிலேயே நின்றது.

"இரு கோராஸ்த். அப்படின்னா நான் பாத்தது நெசம். கண்ணாடியில யெர்கோவுக்குப் பின்னாடி ஒரு வெள்ளை வண்டி போச்சு. ஒரு பொம்பளை கைய ஆட்டினாங்க. இவரும் கைய ஆட்டினாரு. அப்புறந்தான் கல்லு சரிஞ்சுது. ராத்திரியெல்லாம் அதத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்படி ஒண்ணு இருந்துதா, நானா கற்பனை பண்றேனான்னு." என் பக்கம் திரும்பினார். பதினோரு வருஷமாக அவர் சட்டைகளைத் துவைத்துக் கொடுக்கிறவள் நான். "அது நீங்கதானே நேவென்கா?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் போதும், சாவி அவரிடமே இருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. யெர்கோ என்னைப் பார்த்தான். என் பெயரை அவனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பொய்யை எனக்குக் கொடுத்தவன் அவன், அதைத் திரும்ப எடுக்கும் உரிமை எனக்குத்தான் என்று விட்டுவிட்டான். ஓரியானாவும் என்னைப் பார்த்தாள். நேற்று ஒன்று சொன்னாயே என்று அவள் கண் கேட்டது. மூன்றாவது எச்சரிக்கை கிடையாது, நேராக வேலை போய்விடும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது.

"இல்லீங்களே. நான் லாண்ட்ரியில இருந்தேன்."

குரல்கூட நடுங்கவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

சிரில் மெல்லத் தலையாட்டினார். "சரிதான்" என்றார். மகனைப் பார்த்து, "இருக்கிறது தெரியாமப் போறது ஒண்ணு. இல்லாதது தெரியுறது வேற. அப்படிப்பட்டவன் ஓட்டக் கூடாது" என்றார். சாவியை அவரே அவன் கையில் வைத்து, விரல்களை மூடினார். பிறகு யெர்கோவிடம் போய், "எனக்காகப் பொய் சொல்லாத. உன் பேரு கெடக் கூடாது" என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, கேரவனில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். மார்யேத்தா மட்டும் ஏறுவதற்கு முன் என்னையும், என் காலடியில் இருந்த துணிக் கூடையையும் ஒரு தடவை பார்த்தார்.

அன்றோடு யெர்கோ கை காட்டுவதை நிறுத்திவிட்டான். ஓரியானா எவ்வளவோ கெஞ்சினாள். கழிப்பறைகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கடிந்திருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தி ஆறியிருப்பேன்.

அக்டோபரில் கேம்பை மூடியதும் நேராக ஓரியானாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவள், "இத ஏன் இப்ப சொல்றீங்க?" என்றாள். வேலையை விட்டுக்கூட அனுப்பவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது நடக்கவே இல்லை. அங்கிருந்து யெர்கோவின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய சமையலறை மேஜை முன்னால் இருவரும் உட்கார்ந்து சிரிலுக்கு ஒரு கடிதம் எழுதினோம். வெள்ளை வண்டி, கணவாய், நான் தூக்கிய கை, அவன் தூக்கிய கை எல்லாவற்றையும் நான் எழுதினேன். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மார்யேத்தா எழுதியிருந்தார். அரைப் பக்கம்தான்.

"உங்கள் கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'ரெண்டு பேருக்கும் நல்ல மனசு, எனக்காக உக்காந்து கதை கட்டியிருக்காங்க' என்றார். இப்போது தெருவைக் கடக்கும்போது பச்சை விழுந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டுதான் கால் வைக்கிறார். கேரவனை மகன் விற்றுவிட்டான். நேவென்கா, நீங்கள் எழுதியிருப்பதை நான் நம்புகிறேன். அன்றைக்கே உங்கள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இனிமேல் எங்களுக்கு எழுத வேண்டாம்."

அதை யெர்கோவின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவன் படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தான். எழுந்து போய் அடுப்பில் காபியை வைத்தான். எனக்கும் ஒரு கப் ஊற்றினான். நான் குடிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.